மெசின் நின்றால் இறங்குவதில்லை

05.07.1992

இன்று எங்கள் முறை. விடிய எழும்பிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறத் தொடங்கி, மத்தியானச் சமையலுக்கு முதல் தோட்டம் முழுவதும் நனைந்துவிட்டது. வெங்காயம் நல்ல பச்சை. இவர் பாத்திகளுக்கு நடுவே நின்று பெருமையாகப் பார்த்தார். குனிந்து நட்டதும் களை பிடுங்கியதும் நான். பார்ப்பதற்கு மட்டும் என் புருசன் மார்க்கண்டு.

மூன்று நாளைக்கு ஒருமுறை கிணறு எங்களுடையது. அடுத்த நாள் என் கூடப்பிறந்த செல்வரட்ணம் அண்ணையுடையது, அதற்கு அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்து நடராசாவுடையது. தண்ணீர் இறைக்கிற மெசினும் மூன்று பேருக்கும் பொது. அப்பா எனக்குச் சீதனம் எழுதிய உறுதியில் இருக்கிறது: காணியும், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் உரிமையோடு. பங்கு என் பெயரில்தான். ஆனால் கிணற்றைப் பற்றிக் கதைப்பது ஆம்பிளைகள்.

இரவில் விளக்கு வைத்து எழுதுவதை விட்டுவிட்டேன். பொருளாதாரத் தடையில் கிடைக்கிற மண்ணெண்ணெய் வெங்காயத்துக்கு இறைக்கவே போதாது. சமைத்து முடித்து அடுப்படி வாசலில் குந்தியிருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் முதுகைத்தான் ஏச வேண்டும்.

11.07.1992

ஆடி பிறக்க முதலே தண்ணீர் இறங்கிவிட்டது. மெசினை மேலே வைத்தால் காற்றைத்தான் இழுக்கிறது. ஒவ்வொரு வருசமும் செய்வதுபோல் கிணற்றுக்குள் பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, பலகை அடித்துத் தட்டுக் கட்டி, மெசினைக் கயிற்றில் இறக்கி வைத்தார்கள். இவரும் அண்ணையும் நடராசாவும். நடராசா பாடிக்கொண்டுதான் வேலை செய்வான். பாட்டில் பாதிச் சொல் அவன் சொந்தமாகப் போடுவது. அவனும் நானும் ஒரே வகுப்பு. கலியாணம் கட்டி, மீசை நரைத்த பிறகும் எனக்கு அவன் அவன்தான். அவன் பெண்சாதி ஞானாம்பிகை இதைக் கேட்டுச் சிரிப்பாள்.

இந்த மெசினோடு மாரடிப்பது பெரிய பாடு. குளிர்ந்து கிடந்தால் முதலில் சில துளி பெற்றோல் விட்டு, மெசினைக் கிளப்பும் கயிற்றை இழுக்க வேண்டும். பிடித்த பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பெற்றோலை இப்போது மருந்துப் போத்தலில்தான் காணலாம். அதனால் ஊர் முழுக்க ஒரே வேதம்: மெசின் நின்றுவிட்டால் சூடு ஆற முதல் இறங்கி ஓர் இழுவை இழு. சூடாக இருந்தால் மண்ணெண்ணெயிலேயே பிடித்துக்கொள்ளும்.

14.07.1992

பொம்மர் விமானம் சுற்றியது. பங்கருக்குள் இருந்தபடி பயிற்றங்காய் முறித்தேன். வேறு விசேசமில்லை.

23.07.1992

நடராசா செத்துப்போனான்.

26.07.1992

எழுதினால் மனம் கொஞ்சம் ஒரு நிலைக்கு வரும் என்று இருக்கிறேன். இவர் இன்னும் ஆஸ்பத்திரியில். கண் முழித்துவிட்டார். என்னைத் தெரிகிறது. என் பெயர் மட்டும் வரச் சுணங்குகிறது.

அன்று எங்கள் முறை. நான் கடைசிப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து நின்றுவிட்டது. மெசின் நின்றுவிட்டது என்று விளங்கியது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும், அது இப்போது வழமை. இவர் கவனமில்லாத மனிசன் இல்லை. லாந்தரைக் கொளுத்திக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்திருக்கிறார். கிணறு கலக்கி இறைக்கும்போது எல்லோரும் செய்வதுதான்: விளக்கு நூர்ந்தால் இறங்கக்கூடாது, எரிந்தால் இறங்கலாம். விளக்கு எரிந்தது. சூடு ஆற முதல் இழுக்க வேண்டும் என்று இறங்கியிருக்கிறார்.

நடராசா அப்போது தன் பக்கத்தில் வேலி அடைத்துக்கொண்டு நின்றான். "மார்க்கண்டண்ணை, பிடிச்சிட்டுதோ?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. மறுமொழி இல்லை. திரும்பக் கேட்டான். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் ஒருத்தரையும் கூப்பிடவில்லை, நிற்கவில்லை, கத்தியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே இறங்கினான். நான் ஓடி வந்து பார்க்கும்போது இவர் தட்டில் கவிழ்ந்து கிடக்கிறார். நடராசாவைக் காணவில்லை. தட்டுக்குக் கீழே தண்ணீர் மட்டும் ஆடுது — ஐயோ, அந்தத் தண்ணி ஆடினதை நான் எப்பிடி மறக்கிறது.

நான் கத்திய சத்தத்துக்கு அண்ணை ஓடி வந்தார். ஒழுங்கையால் போன இரண்டு பேர் அவர் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இவரைக் கயிற்றில் கட்டிவிட்டு ஏறினார். ஏறியதும் வாந்தி. இரண்டாந்தரம் இறங்க அவரால் முடியவில்லை. நடராசாவை எடுக்கக் கனநேரம் போய்விட்டது.

29.07.1992

இன்று டொக்டரோடு கதைத்தேன். வயசு குறைந்தவர், கண்ணில் நித்திரையே இல்லை. லாந்தர் எரிந்த கதையைச் சொன்னேன். அதுதான் என் மனதைப் போட்டுக் குடைகிறது. எரிந்ததே, பிறகு ஏன்?

"விளக்கு நூந்தால் காத்துக் கூடாது எண்டு அர்த்தம். எரிஞ்சால் காத்து நல்லது எண்டு அர்த்தமில்லை, அம்மா" என்றார்.

மெசின் புகையில் ஒரு நஞ்சு இருக்கிறதாம். காபனோரொட்சைட்டு. பெயர் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதுதான். அது இரத்தத்துக்குள் போய் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் குந்திக்கொள்ளுமாம். மணமும் இல்லை, கண்ணுக்கும் தெரியாது, விளக்கையும் நூர்க்காது. இந்த ஆடியில் மட்டும் இப்படி வந்த மூன்றாவது கிணறாம் எங்களுடையது. எல்லாக் கிணற்றிலும் ஒரே கதை: முதல் இறங்கினவர் மயங்க, காப்பாற்ற இறங்கினவர் செத்துப்போவது.

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"மெசினைக் கிணத்துக்குள்ளை வையாதேங்கோ."

"வையாட்டில் தண்ணி வராது, டொக்டர்."

"அப்பிடியெண்டால் விடிய ஒருக்கா மட்டும் இறங்கி இழுத்துப்போட்டு உடனை ஏறுங்கோ. அதுவும் இடுப்பிலை கயிறு கட்டி, மேலை ஆக்களை வைச்சுக்கொண்டு. மெசின் நிண்டால் நிண்டதுதான். அண்டைக்கு அந்தக் கிணத்துக்குள்ளை ஆரும் இறங்கக்கூடாது. உள்ளை ஆள் விழுந்து கிடந்தாலும் பின்னாலை இறங்கக்கூடாது. இழுங்கோ, இறங்காதேங்கோ."

ஆள் விழுந்து கிடந்தாலும். இதை எந்த மனிசனால் செய்ய முடியும்?

31.07.1992

நடராசாவின் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். நான் மட்டும் போனேன். ஞானாம்பிகை அறைக்குள் சுவரோடு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். கையை இழுக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை — என் புருசன் உயிரோடு இருப்பது நான் செய்த களவு மாதிரி.

10.08.1992

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்து ஐந்தாறு நாள் ஆகிறது. தலையிடி என்கிறார். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்து இருக்கிறார். கிணற்றுப் பக்கம் போவதில்லை; குளிக்கவும் அடுத்த வளவுக்குப் போகிறார். இன்று காலை தானாகச் சொன்னார்:

"நான் அவனைக் கூப்பிடேல்லை, குணம்."

"தெரியும்."

"கூப்பிட்டிருந்தால் என்ரை பிழை எண்டாவது இருக்கும்."

முருங்கைக்காய்க் குழம்பு வைக்கட்டோ என்று கேட்டேன். ஓம் என்றார்.

16.08.1992

அண்ணை வந்தார். தோட்டம் காய்கிறதே, எத்தனை நாள் வாளியால் அள்ளி ஊற்றுவது, முறையைத் திரும்பத் தொடங்குவோம் என்றார். டொக்டர் சொன்னதை வரி வரியாகச் சொன்னேன்.

அண்ணை சிரித்தார். "நான் இறங்கினனான்தானே? மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி உன்ரை மனிசனைத் தூக்கிக்கொண்டு வரேல்லையோ? பதகளிக்காமல், அவசரப்படாமல் செய்தால் ஒண்டும் நடக்காது."

இதுதான் வில்லங்கம். அவர் போய்த் திரும்பி வந்தவர். கிணறு அவரை விட்டுவிட்டது, அதனால் கிணற்றைத் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறார். அவரால்தான் என் தாலி கழுத்தில் கிடக்கிறது. அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஆனாலும் பிடித்தேன்.

விடிய ஒருமுறை மட்டும் இழுப்பது, மெசின் நின்றால் அன்று இறங்குவதில்லை, அடுத்த நாளும் அதே ஆளுக்கே முறை என்று சொன்னேன். முறை தள்ளிப் போகும் என்று தெரிந்தால்தான் யாரும் அவசரப்பட்டு இறங்கமாட்டார்கள். இறங்க வைத்தது புகை இல்லை, முறை. சூடு ஆறுகிறதே, பெற்றோல் இல்லையே, பொழுது போகிறதே, நாளைக்கு மற்றவனுடைய நாளே என்ற பயம்.

"அப்ப நாளைக்கு நிக்கிறவன் என்ன செய்யிறது? அவன்ரை வெங்காயம் காயிறதோ?" என்றார் அண்ணை. "அப்பா காலம் தொடங்கி முறை எண்டால் முறை. மழை பெய்தாலும் முறை, செத்த வீடு எண்டாலும் முறை. அதிலை கை வைச்சால் பங்குக் கிணறு சண்டைக் கிணறாப் போயிடும்."

அதுவும் பொய்யில்லை. இந்த ஊரில் முறையை மாற்றப் போய்க் கோடு ஏறி வழக்காடின குடும்பங்களை எனக்கே தெரியும். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்: இறங்குகிறவர் இடுப்பில் கயிறு. அதுவும் ஆட்டுக்குட்டிக்குப் புல்லுப் போடுவது மாதிரி, என்னைச் சமாதானப்படுத்த.

"உங்கடை முறையிலை நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ. என்ரை முறையிலை மெசின் நிண்டால் ஒருத்தரும் இறங்கேலாது. பங்கு என்ரை பேரிலை" என்றேன். அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

21.08.1992

எங்கள் முறையில் மெசின் நின்றது, தோட்டத்தில் பாதி நனைய முதல். இறங்கவில்லை. இன்று அண்ணையின் முறை. அவர் இறைக்கிறார். என் கடைசிப் பாத்திகள் தாள் மடிந்து கிடக்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்ட கோபம் வந்தது. டொக்டரில், அண்ணையில், நடராசாவில்கூட. ஏன்ராப்பா நீ ஒரு நிமிசம் நிண்டு ஆரையும் கூப்பிடேல்லை?

28.08.1992

வெங்காயம் கிண்டினோம். அந்தப் பாத்திகளில் கோலி அளவுதான். சம்பலுக்கு ஆகும்.

03.09.1992

கயிறு வாங்கக் குருநகர் போனேன். வீட்டில் இருந்தது இத்துப்போன தும்புக் கயிறு. அதை நம்பி ஆட்டைக்கூடக் கட்ட ஏலாது. கடலுக்குப் போகத் தடை என்பதால் வலைக் கயிறெல்லாம் வீடுகளில் சும்மா கிடக்கிறது. கோயிலுக்குப் பின்னால் லூர்த்தம்மா என்கிற மனிசி நைலோன் கயிற்றுச் சுருளை வாசலில் வைத்து விற்கிறாள்.

"மாடு கட்டவோ பிள்ளை?"

"இல்லை. ஆள் கட்ட."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புருசனையோ?"

சிரித்துவிட்டேன். நடராசா போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல்தரம். பிறகு விசயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வேறு சுருள் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்து, அதில் ஓரிடம் தேய்ந்திருந்ததை வெட்டி எறிந்துவிட்டுத் தந்தாள்.

சைக்கிளில் சுருளைக் கட்டிக்கொண்டு கோப்பாய் வந்து சேர இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போயிற்று.

24.10.1992

மழை. கிணறு ஊறுகிறது. மெசினை மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். தட்டையும் கழற்றியாயிற்று. இனி அடுத்த கோடை வரைக்கும் பயமில்லை.

16.01.1993

ஞானாம்பிகை தன் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். இன்று போய்ப் பார்த்தால் தானே மண்வெட்டியோடு வரம்பு கட்டிக்கொண்டு நிற்கிறாள். நடராசாவின் பழைய சேட் ஒன்றைத் தன் சட்டைக்கு மேலே போட்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்து வரம்பைக் கட்டினேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நேரம் போனது தெரியவில்லை.

இவரைக் கண்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். இவரும் அப்படித்தான். ஒழுங்கையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வேலியைப் பார்க்கிறார், மற்றவர் நிலத்தைப் பார்க்கிறார்.

11.07.1993

திரும்ப அதே வேலை. தண்ணீர் இறங்கிவிட்டது. தட்டுக் கட்டியாயிற்று. அண்ணை தகரக் குழாய்களைப் பொருத்திப் புகையை மேலே விடப் பார்த்தார். அரைவாசிப் புகை பொருத்து வழியே கிணற்றுக்குள்தான் வந்தது. மினக்கெட்டதுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கிணற்றடியில் வைத்து ஞானாம்பிகை அண்ணையிடம் கேட்டாள்: "என்ரை முறையிலை மெசின் நிண்டால் எனக்கு அடுத்த நாள் கிடைக்குமோ?"

"அடுத்த நாள் குணத்தின்ரை முறை, தங்கச்சி."

"குணமக்கா தந்திடுவா. அவவின்ரை முறையிலை நிண்டால்?"

அதற்கு அடுத்த நாள் அண்ணையுடையது. அண்ணை வெற்றிலையை மென்றுகொண்டு கிணற்றுக்குள்ளே பார்த்தார். "நான் என்ன செய்யிறது தங்கச்சி. முறையெண்டு ஒண்டு இருக்கெல்லோ."

அவளுக்கு இறங்கத் தெரியாது. மெசின் இழுக்க இவரைத்தான் கேட்க வேண்டும். இவர் ஒரு வருசமாக அந்தக் கிணற்றுக் கட்டுக்குக் கிட்டவே போனதில்லை. இரவு படுத்திருந்துகொண்டு, "விடிய நான் இழுத்துக் குடுக்கிறன்" என்றார். சரி என்றேன். ஆனால் நித்திரை வரவில்லை. இனி மூன்று பேர் முறைக்கும் இந்தக் கிணற்றில் இறங்கப் போவது இரண்டு ஆம்பிளைகள்தான். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

12.07.1993

இவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். மேலே நானும் ஞானாம்பிகையும் கயிற்றைப் பிடித்தோம். இரண்டு இழுவையில் பிடித்தது. ஏறி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

05.08.1993

கை இன்னும் எரிகிறது. உள்ளங்கைத் தோல் உரிந்துபோய்விட்டது. பேனாவைப் பிடிக்க ஏலாமல் விரல் நுனியால் எழுதுகிறேன்.

நேற்று அண்ணையின் முறை. மெசின் நின்றுவிட்டது. இவர் எங்கள் பக்கத்தில் மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றவர், சத்தம் நின்றதும் ஓடிப்போனார். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டி ஏற்கனவே கிணற்றுக் கட்டுக்கு மேலே ஏறிவிட்டார்.

"அண்ணை, இறங்காதேங்கோ."

"சூடாக் கிடக்கு. ஒரு இழுவை. மூச்சுப் பிடிச்சால் சரி."

கயிற்றை மட்டும் கட்டியிருந்தார். ஒத்துக்கொண்ட ஒன்றை அவர் செய்யாமல் விடுபவர் அல்ல. முறை மாதிரித்தான் அவருக்கு அதுவும். இவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்க, அவர் இறங்கியிருக்கிறார். ஓர் இழுவை. பிடிக்கவில்லை. இரண்டாவது இழுவைக்கு மூச்சு விட்டிருப்பார். மூன்றாவதற்குக் கை எழும்பவில்லை. அப்படியே மெசினுக்குமேல் சரிந்துவிட்டார்.

நான் இவர் கத்திய சத்தத்துக்கு ஓடினேன். ஒரு வருசத்துக்கு முதல் ஓடிய அதே ஓட்டம், அதே வரம்பு. போய்ச் சேரும்போது இவர் கட்டுக்கு மேலே ஒரு காலைப் போட்டுவிட்டார். இழுத்தும் வரவில்லை, கயிறு பனங்குற்றியில் சிக்கிக்கொண்டது. இறங்கி எடுத்துவிட்டால் வரும், ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் என்று சொல்லிக்கொண்டு மற்றக் காலையும் தூக்குகிறார். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கும் வாய் வரவில்லை. கீழே கிடப்பது என் அண்ணை. இறங்கு என்று சொல்லவும் முடியவில்லை, இறங்காதே என்று சொல்லவும் முடியவில்லை.

ஞானாம்பிகை எங்கிருந்து வந்தாளோ. பின்னால் வந்து இவரைச் சேட்டில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இவர் கட்டுக்கு மேலிருந்து நிலத்தில் மல்லாக்க விழுந்தார்.

"இறங்காதேங்கோ மார்க்கண்டண்ணை. கயிறு கிடக்கு. இழுப்பம்."

"சிக்கிப்போச்சு, பிள்ளை."

"அந்தப் பக்கத்தாலை போய் இழுப்பம். இறங்கேலாது. நான் விடமாட்டன்."

கயிற்றைக் கொஞ்சம் தளர விட்டு, கட்டைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய் மூன்று பேருமாக இழுத்தோம். முதலில் வரவில்லை. ஞானாம்பிகை, "இழு, இழு" என்று யாரையோ ஏசுவது மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று கயிறு விட்டுக்கொடுத்தது. அண்ணையின் தலை தெரிந்தது. முதுகெல்லாம் கல்லில் உரசி இரத்தம். மூச்சு இருந்தது. லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்தார்கள்.

லாண்ட்மாஸ்டர் போன பிறகு இவர் வேலியோரம் போய் இருந்து அழுதார். ஒரு வருசமாக அழாத அழுகை. நான் பக்கத்தில் போகவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

07.08.1993

அண்ணை கண் முழித்துவிட்டார். முதலில் கேட்டது, "மெசின் பிடிச்சுதோ?" இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போல் இருந்தது. பிறகு அவர் காலைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

08.08.1993

ஞானாம்பிகை வந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, தன் கையையும் விரித்துக் காட்டினாள். அவளுக்கும் அதே தோல் உரிவு. கத்தாழை வைத்துக் கட்டிவிட்டாள்.

இவர் உள்ளே போகப் பார்த்தார். "நில்லுங்கோ அண்ணை" என்றாள். நின்றார்.

"உங்களிலை எனக்குக் கோவமில்லை எண்டு சொன்னால் பொய். இருந்தது. நீங்கள் நடமாடுறதைக் காணக் காண இருந்தது." கத்தாழையைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு அவரையும் ஆரும் சேட்டிலை பிடிச்சு இழுத்திருந்தால் எண்டு நினைச்சு நினைச்சு... ஆரும் பக்கத்திலை இல்லை. அவ்வளவுதான். இந்தத்தரம் நான் பக்கத்திலை நிண்டன்."

இவர் திரும்பி, "நான் இறங்கியிருப்பன், பிள்ளை" என்றார்.

"தெரியும். அவரும் அப்பிடித்தான்."

டொக்டரோடு கதைத்த அன்று, இதை எந்த மனிசனால் செய்ய முடியும் என்று என் மனதில் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்கு மறுமொழி தெரியும். தனி மனிசனால் முடியாது. பிடித்து நிறுத்த இன்னொருத்தர் வேண்டும்.

19.08.1993

அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடுகிறார். அண்ணி சொல்கிறா, பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் இருத்தி வைத்து, "உங்கடை கிணத்திலை கயிறு இருக்கோ? லாந்தரை நம்பாதேங்கோ" என்று விசாரணை நடத்துகிறாராம். நேற்று அண்ணையின் மகளைக் கேட்டு இருபாலையிலிருந்து சம்பந்தப் பகுதியார் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைப் பெடியனின் சாதகத்தைப் பார்க்க முதல் அவர்கள் கிணற்றின் ஆழத்தைக் கேட்டாராம். ஊர் ஏற்கனவே பட்டம் வைத்துவிட்டது: கயிற்றுச் செல்வரட்ணம். அவருக்கு அது தெரியும். கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

முறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை. வெட்கப்படுகிற மனிசனை மூலைக்குள் விரட்டக்கூடாது.

26.08.1993

ஞானாம்பிகையின் முறை. விடிய இவர்தான் இறங்கி இழுத்தார். வாய்க்கால் பாதி ஓட மெசின் நின்றுவிட்டது. ஒருவரும் இறங்கவில்லை. அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, நனையாத பாத்திகளை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நாளைக்கு எங்கள் முறையை எடுக்கச் சொன்னேன். தலையாட்டினாள்.

27.08.1993

இன்றும் பாதியில் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் படு மோசம். அவளுடைய கடைசி நாலு பாத்தியும் நாலு நாளாகத் தண்ணீர் காணவில்லை. என்னுடையது ஒன்றும் நனையவில்லை. நாளைக்கு அண்ணையின் முறை. அவருக்கோ ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் காய்ந்தது போக மிஞ்சியதே கொஞ்சம். எப்படிக் கேட்பது? கேட்காமல் விடுவது என்று நானும் ஞானாம்பிகையும் முடிவெடுத்தோம். போனால் வெங்காயம்தானே.

28.08.1993

விடிய நான் கிணற்றடிக்குப் போனபோது அண்ணை முதலே வந்து கிணற்றுக் கட்டுக்கு மேலே இருந்தார், கயிறு மடியில். இவர் இறங்க ஆயத்தமாக நின்றார். வாய்க்கால் அண்ணையின் பக்கம் அடைத்து, ஞானாம்பிகையின் பக்கம் வெட்டி விட்டுக் கிடந்தது. புது மண்.

அவள் வழமைபோல் களை பிடுங்கத்தான் வந்தாள். வாய்க்காலைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள்.

"இண்டைக்கு உங்கடை முறையெல்லோ" என்றாள்.

அண்ணை இவருடைய இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உம்மடை முறை இன்னும் முடியேல்லை, தங்கச்சி. உமக்குப் பிறகு குணம். அதுக்குப் பிறகுதான் நான்."

அவள் வந்து கயிற்றின் நுனியைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் நானும் பிடித்துக்கொண்டேன்.